இலவச வாசல் – 11: நாலு கேள்வி, மூன்று வழி, ஒரு பேனா

போன வாரம் எங்கே விட்டோம்?

டில்லி, மகாநகர் தூர்சஞ்சார் பவன். 2016 பிப்ரவரி 8, திங்கட்கிழமை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் தலைவர் ஆர்.எஸ்.சர்மா, தளத்துக்குத் தளம் டேட்டா விலை மாறலாமா என்பது பற்றிய உத்தரவை வெளியிடப் போகிறார். நாடு முழுக்கக் காத்திருக்கிறது. கலிபோர்னியாவில் நள்ளிரவு தாண்டிவிட்டது. அங்கேயும் சிலர் தூங்கியிருக்க மாட்டார்கள். அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று சொல்லாமல் 'தொடரும்' போட்டுவிட்டேன். மனசுக்குள் எத்தனை பேர் திட்டினீர்களோ!

சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நடை நாரணாபுரம் போய்வந்துவிடுவோம்.

டில்லி உத்தரவுக்கும் சிவகாசிப் பக்கத்து நாரணாபுரத்துக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. அது புரியாமல் டில்லியில் நடந்தது புரியாது.

நாரணாபுரத்தில் 'ஆபீஸ்' என்றால் மேஜை நாற்காலி இல்லை. வெடி ஆபீஸ். தீப்பெட்டி ஆபீஸ். காலையில் தூக்குச்சட்டியோடு வேனேறுகிறவர்கள் 'ஆபீசுக்குப் போறேன்' என்றுதான் சொல்வார்கள். அந்த ஊரில் சின்னதாகப் பட்டாசு வியாபாரம் செய்யும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம், 'கடைக்காரர்' போதும். அக்கா மகன் இன்ஜினீயரிங் படித்தவன். 'மாமா, ஒரு வெப்சைட் போட்டுடுவோம்' என்கிறான். கம்பி மத்தாப்பு, சங்கு சக்கரம், புஸ்வாணம், சரவெடி. ஒவ்வொன்றுக்கும் படம், பக்கத்தில் விலை. கீழே ஒரு போன் நம்பர். (ஆன்லைனில் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது 2018-ல். நம் கதை அதற்கு முந்தியது.)

கோயம்புத்தூரில் ஒரு குடும்பம். ரிலையன்ஸ் சிம். டேட்டா தீர்ந்துவிட்டது. ஆனால் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்ற ஃபேஸ்புக்கின் இலவசக் கதவு மட்டும் திறக்கிறது. நம்ம தமிழ்நாடும் அந்தத் திட்டம் முதலில் இறங்கிய மாநிலங்களில் ஒன்று. தொடங்கியபோது முப்பத்தெட்டு தளங்கள். தமிழிலும் உண்டு.

அந்தக் குடும்பம் தேடுகிறது. நாரணாபுரத்துப் பக்கம் திறக்கவில்லை.

'இதென்ன பிரமாதம், நாங்களும் சேர்கிறோம்' என்று கடைக்காரர் விண்ணப்பம் போடலாம். பின்னாளில் எல்லாருக்கும் திறந்துவிட்டோம் என்று ஃபேஸ்புக் சொல்லத்தான் செய்தது. ஆனால் நிபந்தனைகள். வீடியோ கூடாது. கனமான படம் கூடாது. வருகிறவர் போகிறவர் எல்லாம் ஃபேஸ்புக்கின் கணினி வழியாகத்தான் போக வேண்டும். விதியை நாளைக்கு மாற்றினால் கேட்க முடியாது.

படம் இல்லாமல் பட்டாசு விற்பது எப்படி? 'வானத்தில் பச்சையாகப் பூப்பூக்கும்' என்று எழுதியா?

இந்தப் பகுதியின் பெரியவர்களுக்கு, இப்படி வாசலை ஒருவர் பிடித்துக்கொள்வது புதுசு இல்லை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள் என்பது சிவகாசியில் குழந்தைக்கும் தெரியும். அவர்கள் திரும்பிவந்து தொழில் தொடங்கிய அதே காலத்தில் இந்தியாவில் இறங்கியது யார்? சுவீடன் தீப்பெட்டிக் கம்பெனி. பெயர் விம்கோ. சென்னையில் விம்கோ நகர் ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போது அந்தப் பெயரைத்தான் படிக்கிறீர்கள். அந்தக் கம்பெனியின் பெரிய முதலாளி ஐவர் க்ரூகர். நாடுகளுக்கே கடன் கொடுத்துவிட்டு, பதிலுக்கு 'உங்கள் நாட்டில் தீப்பெட்டி விற்கும் உரிமை எனக்கு மட்டும்' என்று எழுதி வாங்கியவர்.

கடன் கொடுக்கும் கை. பதிலுக்கு வாசலைக் கேட்கும் கை.

இந்தியாவில் அந்தப் பாச்சா முழுசாகப் பலிக்கவில்லை. கைத்தீப்பெட்டிக்குக் குறைந்த கலால் வரி என்று அரசாங்கம் பின்னாளில் வைத்தது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி பிழைத்ததில் அதற்குப் பெரிய பங்கு. பாருங்கள், அதுவும் ஆளுக்கொரு விலைதான்! ஆக, வித்தியாசமாக விலை வைப்பதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். பந்தியில் கரண்டி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கரண்டி அன்றைக்கு அரசாங்கத்தின் கையில். 2015-ல் கரண்டியைக் கேட்டவர்கள் கம்பெனிக்காரர்கள்.

சரி. டில்லிக்குத் திரும்புவோம்.

அந்த உத்தரவைப் புரிந்துகொள்ள, மூன்று பேர் மனசுக்குள் என்ன ஓடியது என்று பார்க்க வேண்டும்.

முதலில் செல்போன் கம்பெனிகள். தீபாவளி அன்றைக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியது ஞாபகம் இருக்கிறதா? மாதம் முழுக்க பேக் போட்டு வாழ்த்து அனுப்பலாம். ஆனால் தீபாவளி, புத்தாண்டு அன்றைக்கு மட்டும் பேக் செல்லாது. முழுக் கட்டணம். 'பிளாக் அவுட் டே' என்று அதற்கு ஒரு பெயர் வேறு. நாம் வெடித்த வெடியில் அவர்களுக்கும் ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது!

வாட்ஸ்அப் வந்தது. அந்தப் பங்கு போனது. அடுத்து போன் பேச்சும் இணையத்துக்குப் போகிறதே என்று பயம். 2014 டிசம்பரில் ஏர்டெல் இணைய அழைப்புக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்து, ஊர் கத்தியதும் சில நாளிலேயே பின்வாங்கியது. 'கம்பி போட்டது நான், காசு பார்ப்பது இன்னொருத்தனா?' கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கம்பியில் ஓடும் டேட்டாவுக்கு நாம் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டோமே! ஒரே சரக்குக்கு இரண்டு முனையிலும் வாடகை கேட்டால் எப்படி?

இரண்டாவது ஆள் ஃபேஸ்புக்கின் மார்க் ஜக்கர்பெர்க். அவரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. இணையமே இல்லாதவருக்குக் கொஞ்சமாவது கொடுப்போம் என்று அவர் நிஜமாகவே நம்பியிருக்கலாம். அந்தக் கொஞ்சத்தின் முதல் பக்கத்தில் தன் கடை இருக்கட்டும் என்றும் நினைத்திருக்கலாம். இரண்டும் ஒரே மனசில் இருக்க முடியாதா என்ன? 2015 டிசம்பர் கடைசியில் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் அவரே கட்டுரை எழுதினார். மகாராஷ்டிரத்து விவசாயி கணேஷ், இலவச இணையத்தில் மழை நிலவரம் பார்க்கிறார், விளைபொருள் விலை பார்க்கிறார். இதை யாராவது எதிர்ப்பார்களா என்று கேட்டார்.

எதிர்த்தார்கள். அதே பத்திரிகையில் நிகில் பாவா பதில் எழுதினார். போராட்டத்தின் முன்வரிசை ஆள் அவர்தான். இலவசமாகக் கொடுக்க வேண்டுமென்றால் முழு இணையத்தையும் கொடுக்கலாமே என்றார். ஏர்செல் கொடுக்கிறதே, வேகம் குறைவுதான், 64 கேபிபிஎஸ், ஆனால் எந்தத் தளமும் திறக்கும், அந்த மாதிரி ஏன் செய்யக் கூடாது?

ஏர்செல். நம்மூர்ப் பெயர். இதை மனசில் ஒரு ஓரமாக முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

மூன்றாவது ஆள் சர்மா.

ஐஐடி கான்பூரில் கணக்கு படித்தவர். ஐ.ஏ.எஸ். எண்பதுகளில் பீகாரின் பேகுசராய் மாவட்ட ஆட்சியராக இருந்தபோதே கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, திருடுபோன துப்பாக்கிகளைக் கண்டுபிடிக்கத் தானே புரோகிராம் எழுதியவர். பிறகு அமெரிக்கா போய் கம்ப்யூட்டர் சயின்ஸில் பட்டமும் வாங்கி வந்தார். ஆதாரை உருவாக்கிய ஆணையத்தின் முதல் டைரக்டர் ஜெனரல். 'அய்யா, இது டெக்னிக்கல் சமாச்சாரம், உங்களுக்குப் புரியாது' என்று யாரும் அவரிடம் கதை விட முடியாது.

ஆனால் அவர் தனி ஆள் இல்லை. அரசாங்கம் கொடுத்த நாற்காலி. 2015 செப்டம்பரில்தான் பிரதமர் மோடி ஃபேஸ்புக் தலைமையகத்துக்கே போய் ஜக்கர்பெர்க்கைக் கட்டிப்பிடித்தார். அந்தச் சமயம் ஜக்கர்பெர்க்கின் ஃபேஸ்புக் படத்தின் மேல் மூவண்ணம். இந்த நிலையில் டிராய் தலைவர் என்ன எழுதுவார்?

அதற்குள்தான் ஃபேஸ்புக் ஒரு பெரிய தப்பு செய்தது.

டிராய் கேட்டது நாலே கேள்வி. வெவ்வேறு தளத்துக்கு வெவ்வேறு விலை வைக்கலாமா என்பது அதில் முதல் கேள்வி. ஃபேஸ்புக் என்ன செய்தது? தன் பக்கத்துக்கு வருகிறவர்களிடம் ஒரு பொத்தானை நீட்டியது. அமுக்கினால் டிராய்க்கு ஒரு கடிதம் தானாகப் போகும். 'நான் ஃப்ரீ பேசிக்ஸை ஆதரிக்கிறேன்.' பதினெட்டு லட்சத்துக்கு மேல் வந்து குவிந்தன.

கணக்கு வாத்தியார் நாலு கணக்கு கொடுத்தார். பதினெட்டு லட்சம் விடைத்தாளிலும் ஒரே வரி: 'எனக்குக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.'

வாத்தியாருக்குக் கோபம் வராதா? வந்தது. கேள்விக்குப் பதில் வாங்கி அனுப்புங்கள் என்று டிராய் எழுதியது. ஃபேஸ்புக் மழுப்பியது. ஜனவரியில் டிராய் எழுதிய கடிதம் அரசாங்கக் கடிதம் மாதிரியே இல்லை. யோசித்து முடிவெடுக்க நடத்தும் ஆலோசனையை, ஆள் திரட்டித் தலை எண்ணும் வேலையாக்கப் பார்க்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எதிர்த்தவர்கள் பக்கமும் லட்சக்கணக்கில் மின்னஞ்சல்தான். ஆனால் அவர்கள் கேள்வியைத் தொட்டுப் பதில் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அது பெரிய வித்தியாசம். இரண்டு பக்கமும் சண்டை முக்கால்வாசி இங்கிலீஷில்தான் நடந்தது. நாரணாபுரம் வேனில் போகிறவரிடம் யாரும் 'உனக்கு எது வேணும்?' என்று கேட்டதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 8. பிற்பகல்.

சர்மாவின் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

ஒன்று, அனுமதிப்பது. இலவசம்தானே, கொடுத்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது, அடியோடு தடை.

நடுவில் இரண்டாவது. அதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அதுதான் நல்ல பிள்ளை மாதிரி இருந்தது. ஒவ்வொரு திட்டமாகப் பார்ப்போம். நல்லதென்றால் விடுவோம், கெட்டதென்றால் தடுப்போம். தொலைத்தொடர்புத் துறை அமைத்த குழுவே 2015-ல் அப்படித்தான் சொல்லியிருந்தது. அமெரிக்காவிலும் அப்போது இந்த விஷயத்தில் அதுதான் நடைமுறை. யாரையும் பகைக்க வேண்டாம். பிரதமருக்கும் சங்கடமில்லை, கம்பெனிக்கும் கோபமில்லை. பதவியில் இருக்கிறவருக்கு இதைவிடச் சொகுசான மெத்தை கிடைக்குமா?

இப்போது நம் நாரணாபுரத்துக் கடைக்காரரை அந்த மெத்தைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

ஒரு செல்போன் கம்பெனியும் ஒரு பெரிய ஆன்லைன் கடையும் கைகோத்து, அந்தக் கடைக்கு மட்டும் டேட்டா இலவசம் என்கின்றன. கடைக்காரர் வியாபாரம் போகிறது. 'ஒவ்வொன்றாகப் பார்ப்போம்' என்ற விதிப்படி அவர் டில்லி போய் முறையிட வேண்டும். சிவகாசியில் ரயிலேறி, வக்கீல் பிடித்து, தஸ்தாவேஜு தயாரித்து. எதிர்ப்பக்கம் பத்து வக்கீல். தீர்ப்பு வருவதற்குள் எத்தனை தீபாவளி போகும்?

நியாயம் கிடைக்கலாம். கடை இருக்காது.

இது என் கற்பனை மட்டும் இல்லை. பணபலம் உள்ளவருக்கே அந்த முறை சாதகமாகப் போகும் என்று டிராயின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. கணக்குப் படித்தவர் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

அறிவித்தார்.

தடை.

எந்தத் தளம், என்ன உள்ளடக்கம் என்று பார்த்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக் கூடாது. கூட்டியும் வைக்கக் கூடாது. குறைத்தும் வைக்கக் கூடாது. இலவசம் என்ற பெயரிலும் கூடாது. அவசரச் சேவைக்கும் பொது அவசரநிலைக்கும் விலக்கு. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சம் 50 லட்சம். (இந்தத் தொகை பெரிய கம்பெனிக்கு டீக்காசு. எனக்கு இன்றும் அதில் வருத்தம்தான்.)

அறையிலிருந்த பலர் இரண்டாவது வழியைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். மூன்றாவது வந்தது.

குறிப்பில் இன்னொரு நியாயமும் உண்டு. அதை நம்மூர் லாரி ஷெட்டில் வைத்தே சொல்லிவிடலாம். பட்டாசுப் பெட்டிக்கு ஒரு வாடகை, காலண்டர் கட்டுக்கு ஒரு வாடகை. நியாயம். ஒன்று வெடிக்கும், ஒன்று வெடிக்காது. ஆனால் அவன் அடித்த காலண்டருக்கு ஒரு வாடகை, நீ அடித்த காலண்டருக்கு ஒரு வாடகை என்றால்? கம்பிக்குள் ஓடுவதெல்லாம் ஒரே எடை. ஃபேஸ்புக் பக்கத்தைச் சுமந்து வருவதற்கும் நாரணாபுரத்து விலைப்பட்டியலைச் சுமந்து வருவதற்கும் கம்பிக்குத் தனித்தனியாகச் செலவாகாது.

அதோடு, இந்தியாவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அப்போது இணையத்தைப் பார்த்ததே இல்லை. முதன்முதலில் பார்க்கிறவனுக்கு எதைக் காட்டுகிறோமோ, அதுதான் இணையம் என்று அவன் நம்புவான். அந்த முதல் பார்வையைக் கம்பெனி கையில் கொடுக்க முடியாது என்பது டிராயின் கட்சி.

மூன்றே நாள். பிப்ரவரி 11-ம் தேதி ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டுக் கிளம்பியது.

நடுவில் ஒரு கூத்து. ஃபேஸ்புக் இயக்குநர் குழுவில் இருந்த மார்க் ஆண்ட்ரீசன் ட்விட்டரில் வாயை விட்டார். காலனி ஆதிக்க எதிர்ப்பால் இந்தியர்கள் பல காலமாகக் கெட்டார்கள், இப்போது மட்டும் ஏன் நிறுத்த வேண்டும் என்ற பொருளில். சுவீடன் தீப்பெட்டியை ஞாபகம் வைத்திருக்கும் ஊரில் வந்து அதைச் சொல்லிப் பார்க்கட்டும்! பதிவை அழித்தார். மன்னிப்புக் கேட்டார். 'அது என் கருத்தல்ல' என்று ஜக்கர்பெர்க்கே எழுத வேண்டியதாயிற்று.

ஜெயித்தவர்கள் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு ராத்திரி கோயம்புத்தூர்க் குடும்பத்தின் போனைப் பாருங்கள். பேலன்ஸ் பூஜ்யம். முன்பு முப்பத்தெட்டோ நூறோ தளம் திறந்துகொண்டிருந்தது. இனி அதுவும் இல்லை. வாசலில் ஒருத்தன் உட்கார்ந்து காசு பிடுங்கக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. தெருவுக்கு வந்துசேர பஸ் கட்டணம்? அதைப் பற்றி உத்தரவில் ஒரு வரி இல்லை.

இல்லாத அந்த வரியில்தான் அடுத்த கதை இருக்கிறது.

உத்தரவை இன்னொரு தடவை படியுங்கள். நிதானமாக. வக்கீல் கண்ணோடு வேண்டாம், வியாபாரி கண்ணோடு.

எல்லாத் தளத்துக்கும் ஒரே விலை வைக்க வேண்டும்.

சரி.

அந்த ஒரே விலை பூஜ்யமாக இருந்தால்?

ஃபேஸ்புக்கோடு கைகோத்தது அனில் அம்பானியின் ரிலையன்ஸ். தம்பியின் கதவு மூடியாகிவிட்டது. அதே பிப்ரவரியில் அண்ணன் முகேஷின் புது நெட்வொர்க் சோதனையில் ஓடிக்கொண்டிருந்தது, சொந்த ஊழியர்களுக்கு மட்டும். அண்ணன் கடையில் முப்பத்தெட்டு தளக் கணக்கெல்லாம் கிடையாது. மொத்த இணையமும். உத்தரவில் ஒரு கமா கூட மீறப்படவில்லை.

நாரணாபுரத்தில் ஒரு ரீசார்ஜ் கடை வாசலுக்கு வாருங்கள். 2016 கோடை. பெயர்ப் பலகைகளை எண்ணுங்கள். ஏர்டெல், வோடஃபோன், ஐடியா, ஏர்செல், ரிலையன்ஸ், டாடா டோகோமோ, பி.எஸ்.என்.எல். ஏழு. யாரிடம் மலிவு என்று பார்த்து, நினைத்தபோது சிம்மை மாற்றிக்கொள்ளலாம் என்ற தைரியம் அந்த ஏழு பலகையில் இருந்தது.

செப்டம்பர் 1. மும்பை. ரிலையன்ஸ் பொதுக்குழு. முகேஷ் அம்பானி மேடையேறுகிறார். கையில் பேச்சு. பங்குச் சந்தை திறந்திருக்கிறது.

அவர் பேசி முடிப்பதற்குள் ஏர்டெல்லின் பங்கு சரிய ஆரம்பித்தது.

மனசின் ஓரத்தில் ஒரு பெயரை முடிந்து வைத்துக்கொள்ளச் சொன்னேனே, ஏர்செல்? அந்த முடிச்சை அவிழ்க்காதீர்கள். ஏழு பலகையில் எது முதலில் இறங்கப்போகிறது என்று அடுத்த வாரம் எண்ணுவோம்.

(தொடரும்)